தூண்டியவர் யார்? சேர்வராயன் மலையடிவாரத்தில் ஒரு வினைச்சொல்லின் அரசியல்

சாதி வன்முறை குறித்த செய்திகளில் தாக்கியவரின் செயலைக் குறிக்கும் வினைச்சொற்கள் பல. வெட்டினார், அடித்தார், எரித்தார், மறித்தார் எனச் செயலுக்கேற்ப அவை மாறிக்கொண்டே இருக்கும். தாக்கப்பட்டவரின் செயலைக் குறிக்கவோ பெரும்பாலும் ஒரே வினைச்சொல் போதுமானதாகி விடுகிறது. அது ‘தூண்டு’ என்பது. கோயிலுக்குள் நுழைந்து தூண்டினார், வாகனத்தில் வேகமாகச் சென்று தூண்டினார், முகநூலில் எழுதித் தூண்டினார், காதலித்துத் தூண்டினார். வாக்கியத்தின் முற்பாதியில் எந்தச் செயலை இட்டாலும் பிற்பாதி மாறுவதில்லை.

இச்சொல்லுக்கு இன்னொரு முகமும் உண்டு. அதே மக்கள் உரிமை கேட்டு மனுவோடு வட்டாட்சியர் அலுவலகம் சென்றாலோ, சாலை மறியலில் அமர்ந்தாலோ, அவர்கள் தூண்டியவர்கள் அல்லர், ‘தூண்டிவிடப்பட்டவர்கள்’. வெளியாட்கள் யாரோ வந்து ஏற்றிவிட்டதால்தான் பேசுகிறார்கள் என்று சொல்லப்படுகிறது. அடிபடும்போது முழுப் பொறுப்புடைய எழுவாய். எழுந்து நிற்கும்போது சுயபுத்தியற்ற செயப்படுபொருள். தாக்கியவர்களோ எப்போதும் ‘ஆத்திரமடைந்தவர்கள்’, அதாவது பிறரால் தூண்டப்பட்டவர்கள். ஒரே வினைச்சொல்லின் செய்வினையும் செயப்பாட்டுவினையும் இவ்வாறு சாதிவாரியாகப் பங்கிடப்பட்டிருக்கின்றன. இந்தப் பங்கீடு முதல் தகவல் அறிக்கையில் தொடங்கி, குற்றப்பத்திரிகை, பிணை மனு, தண்டனையின் அளவு வரை பயணம் செய்கிறது. எனவே இச்சொல்லை ஆராய்வது இலக்கண வகுப்புக்குரிய வேலை மட்டுமன்று. வழக்கு நடத்துவோருக்கும் களத்தில் நிற்போருக்கும் உரிய வேலை.

பேச்சுவழக்கில் ஒரு சொற்குடும்பம்

‘தூண்டு’ என்பது பிறப்பில் இழிந்த சொல் அன்று. மங்கும் விளக்கின் திரியை மேலே தள்ளுவதே தூண்டுதல். அதற்கான சிறு கோல் தூண்டுகோல். இன்றும் ஒரு நல்லாசிரியரையோ நூலையோ தூண்டுகோலாக இருந்ததாகப் பாராட்டுகிறோம். அணையவிருந்த ஒளியை எழுப்புவது என்பதே அதன் அடிப்படைப் பொருள். அதே சொல்லோடு ‘விடு’ என்னும் துணைவினை சேர்ந்து ‘தூண்டிவிடு’ ஆனதும் பழி ஏறிக்கொள்கிறது. தூண்டுகிறவர் உடன் நிற்கிறார். தூண்டிவிடுகிறவர் விலகி நின்று வேடிக்கை பார்க்கிறார் என்பதே அத்துணைவினை தரும் குறிப்பு.

சேலம் வட்டாரப் பேச்சிலும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளிலும் இதன் உறவுச் சொற்கள் ஏராளம். கிளறுதல் அடுப்படியிலிருந்தும் குப்பைமேட்டிலிருந்தும் வந்தது. ‘பழசையெல்லாம் கிளறாதே’ என்று அநீதியை நினைவூட்டுபவரிடம் சொல்லப்படுகிறது. கிளப்புதல் புழுதிக்குரியது, ‘பிரச்சினையைக் கிளப்புகிறார்’ என்றால் பிரச்சினை முன்பு அங்கே இல்லை என்று பொருளாகிவிடுகிறது. உசுப்புதல் என்பது உறங்குபவரை எழுப்புவது. ‘உசுப்பேற்றுதல்’ ஆகும்போது அது ஏளனமாகிறது. கொம்பு சீவிவிடுதல் மாட்டுக்குரியது; ஏவிவிடுதல் பெரும்பாலும் நாய்க்குரியது. தூபம் போடுதல், எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுதல் ஆகியவை நெருப்பிலிருந்து வந்தவை. சிண்டு முடிதல் இருவருக்கிடையே பகை மூட்டுவது.

இவற்றுள் ‘சீண்டு’ என்னும் சொல் நம் தனிக்கவனத்திற்குரியது. வம்புக்கு இழுத்தல் என்னும் பொருளோடு, தொடுதல் என்னும் பொருளும் பேச்சுவழக்கில் அதற்கு உண்டு. ‘அந்தச் சரக்கைச் சீண்டுவார் இல்லை’ என்றால் தொடுவார் இல்லை என்று பொருள். சீண்டுதலுக்கும் தீண்டுதலுக்கும் இடையே ஓரெழுத்தே வேறுபாடு. தொடுவதே ஒரு சமூகத்தின் மீதான ஆத்திரமூட்டலாகக் கருதப்பட்ட நாட்டில் இவ்விரு சொற்களும் இவ்வளவு நெருங்கி நிற்பதை வெறும் ஓசை ஒற்றுமையாக மட்டும் கடந்துவிட மனம் வருவதில்லை. குளத்து நீரைத் தொட்டதும், கோயில் படியைத் தொட்டதும், ஊர்த்தெருவின் மண்ணைச் செருப்போடு தொட்டதும் சீண்டல்களாகவே கணக்கிடப்பட்டன.

மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே பாயும் சொற்களும் உள்ளன. ‘வாலாட்டுகிறான்’, ‘துள்ளுகிறான்’, ‘திமிர் ஏறிவிட்டது’ ஆகியவற்றைப் பண்ணையாரைப் பார்த்துக் கூலியாள் சொல்வதில்லை. அவற்றில் செயல் என்று எதுவும் இல்லை. இருப்பின் தோரணை மட்டுமே குற்றமாகிறது. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் பட்டியல் சமூகக் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. புல்லட் வண்டி ஓட்டியதே காரணம் என்பது குடும்பத்தாரின் குற்றச்சாட்டு. அடுத்த மாதம் தூத்துக்குடி மாவட்டம் திருவைகுண்டம் பகுதியில் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவரின் விரல்கள் துண்டிக்கப்பட்டன. கபடிப் போட்டியில் கிடைத்த வெற்றியே பகைக்குக் காரணம் என்றது அக்குடும்பம். இக்குற்றச்சாட்டுகளின்படி, வண்டி ஓட்டுவதும் விளையாட்டில் வெல்வதும் ‘துள்ளுவது’ என்று மொழிபெயர்க்கப்பட்ட பிறகே அரிவாள் எடுக்கப்பட்டிருக்கிறது.

மலையைச் சுற்றி மூன்று பக்கம்

ஏற்காட்டிற்கு வரும் சுற்றுலாப் பயணி மலை விளிம்பில் நின்று பார்த்தால் சேலம் சமவெளி கீழே விரிந்து கிடக்கும். காபித் தோட்டங்களும் ஏரியும் கோடை விழாவும் மட்டுமே ஏற்காடு அன்று. அது மலையாளிப் பழங்குடி மக்களின் நிலம். பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. அத்தொகுதியின் எல்லையும் மலையோடு முடிவதில்லை. வாழப்பாடிப் பக்கச் சமவெளியையும் அது உள்ளடக்கியது. மலையையும் அடிவாரத்தையும் சேர்த்துப் பார்த்தால், நாம் பேசும் வினைச்சொல் எப்படி வேலை செய்கிறது என்பது தெளிவாகும்.

மேற்கே ஓமலூர், காடையாம்பட்டிப் பக்கம். 2024 மே மாதத் தொடக்கத்தில் தீவட்டிப்பட்டியில் மாரியம்மன் கோயில் விழாவில் பட்டியல் சமூக மக்கள் வழிபடுவது தொடர்பான தகராறு வன்முறையாக வெடித்தது, கடைகள் எரிந்தன, காவல்துறை தடியடி நடத்தியது. ‘இரு தரப்பினர் மோதல்’ என்பதே செய்திகளில் பரவலாக ஆளப்பட்ட தொடர். வழிபட வேண்டும் என்று கேட்பது ஒரு தரப்பு. கூடாது என்று தடுப்பது மற்றொரு தரப்பு. சட்டம் இவ்விரு தரப்பையும் சமமாக வைக்கவில்லை. 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலய நுழைவுச் சட்டம் தொடங்கி, அரசமைப்பின் 17ஆம் உறுப்பு, 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரை அனைத்தும் முதல் தரப்பின் பக்கமே நிற்கின்றன. ‘மோதல்’ என்னும் சொல் அந்தச் சட்டங்கள் அனைத்தையும் ஒரே வீச்சில் அழித்துவிடுகிறது.

அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 2023 சனவரியில், சேலத்தை ஒட்டிய திருமலைகிரியில் கோயிலுக்குள் சென்ற பட்டியல் சமூக இளைஞரை ஆளுங்கட்சியின் ஒன்றியப் பொறுப்பாளர் ஒருவர் ஊரார் முன்னிலையில் வசைபாடிய காணொளி பரவியது. அவர் கட்சியிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார், கைதும் செய்யப்பட்டார். காணொளி இருந்ததால் அங்கு வினைச்சொல்லை மாற்ற இயலவில்லை. பதிவு இல்லாதிருந்தால் அந்நிகழ்வு ‘வாக்குவாதம்’ என்னும் பெயரோடு முடிந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

கிழக்கே குப்பனூர், ஆச்சாங்குட்டப்பட்டிப் பக்கம். ஏற்காட்டிற்கு ஏறும் இரண்டாவது சாலை குப்பனூர் வழியாகவே செல்கிறது. 2018இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைக்காக ஏறத்தாழ 277 கி.மீ. தொலைவுக்கு நிலம் அளக்கப்பட்டபோது, இந்த ஊர்களின் உழவர்கள் எதிர்த்து நின்றனர். அந்த சூன் மாதத்தில் நடிகர் மன்சூர் அலிகான், சூழலியல் செயற்பாட்டாளர் பியூஷ் மானுஷ், மாணவர் வளர்மதி ஆகியோர் அடுத்தடுத்துக் கைதாயினர். மக்களைத் தூண்டினர் என்பதே குற்றச்சாட்டுகளின் சாரம். நிலம் இழப்பவர் தம் நிலம் போகிறது என்று அறிவதற்குப் பிறர் வந்து சொல்ல வேண்டும் என்னும் அனுமானம் அதனுள் பொதிந்திருந்தது. பின்னர் 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அந்நிலமெடுப்பை ரத்து செய்தது. 2020 திசம்பரில் உச்ச நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகள் செல்லும் என்று கூறித் திட்டத்தைத் தொடர அரசுக்கு இடமளித்தபோதும், வருவாய்ப் பதிவேடுகளில் நிலவுடைமையை மாற்றியது சட்டப்படி நிலைக்காது என்பதை ஏற்றது. எவரோ தூண்டியதாகச் சொல்லப்பட்ட அந்த எதிர்ப்பில் சட்ட நியாயம் இருந்ததை உயர்நீதிமன்றத் தீர்ப்பு காட்டுகிறது.

வளர்மதி அதற்கு முந்தைய ஆண்டு, 2017 சூலையில், சேலம் மகளிர் கல்லூரி அருகே போராட்டத் துண்டறிக்கை வழங்கியதற்காகக் கைதாகி, குண்டர் தடுப்புச் சட்டத்தில் அடைக்கப்பட்டவர். செப்டம்பரில் உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. துண்டறிக்கையை வாங்கிய கல்லூரி மாணவியருக்குப் படித்துச் சிந்தித்து முடிவெடுக்கும் ஆற்றல் உண்டு என்று நிர்வாகம் நம்பியிருந்தால், அதை வழங்கியவரைக் குண்டராகக் கண்டிருக்காது.

சட்டப் புத்தகம் என்ன சொல்கிறது?

தமிழில் ‘தூண்டுதல்’ என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பவை சட்டத்தில் மூன்று வெவ்வேறு கருத்துகள். ஒன்று, ஒருவரைக் குற்றம் செய்ய ஏவுதல். சட்ட ஆங்கிலத்தில் இன்ஸ்டிகேஷன். இரண்டு, ஒருவருக்கு ஆத்திரமூட்டுதல், புரொவொகேஷன். மூன்று, சமூகங்களிடையே பகை வளர்த்தல். இவற்றைக் குழப்புவதில்தான் பாதி அநீதி நடக்கிறது.

காவல் நிலையங்களில் எளிதில் எழுதப்படும் பிரிவு பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 153. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 192. கலவரம் விளையும் எனத் தெரிந்தே ஆத்திரமூட்டுவது அக்குற்றம். கலவரம் நடந்தால் ஓராண்டு வரையும், நடக்காவிட்டால் ஆறு மாதம் வரையும் சிறை. ஆனால் அப்பிரிவின் நடுவே பலரும் படிக்காமல் கடக்கும் நிபந்தனை ஒன்று இருக்கிறது: ஆத்திரமூட்டியதாகச் சொல்லப்படும் செயல் சட்டவிரோதமான செயலாக இருக்க வேண்டும். கோயிலுக்குச் செல்வது, பொதுத்தெருவில் செருப்பணிந்து நடப்பது, திருமண ஊர்வலம் போவது, அம்பேத்கர் படத்திற்கு மாலையிடுவது ஆகிய எவையும் சட்டவிரோதமல்ல. ஆகவே அவற்றால் எவருக்கு எவ்வளவு ஆத்திரம் பொங்கினாலும் இப்பிரிவு பொருந்தாது. இந்த ஒற்றை நிபந்தனையை மாணவர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

மறுபுறம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்மையான ஆத்திரமூட்டலை அடையாளம் காண்கிறது. பிரிவு 3(1)(r) பொதுப்பார்வைக்குரிய இடத்தில் இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்பதையும், 3(1)(s) சாதிப் பெயரால் வசைபாடுவதையும், 3(1)(u) பட்டியல் சமூகத்தார், பழங்குடியினர் மீது வெறுப்பையும் பகையையும் வளர்ப்பதையும் குற்றமாக்குகின்றன. பொது இடங்களையும் நீர்நிலைகளையும் வழிபாட்டிடங்களையும் பயன்படுத்த விடாமல் தடுப்பது 3(1)(za)இன் கீழ் வரும். இச்சட்டத்தின் இலக்கணத்தில் எழுவாய் யார், செயப்படுபொருள் யார் என்பதில் ஐயமே இல்லை.

சொற்களின் பொருளை எங்கே தேடுவது என்பதற்கும் உச்ச நீதிமன்றம் விடை தந்திருக்கிறது. 2008ஆம் ஆண்டின் சுவரண் சிங் வழக்கில், சாதிப் பெயர் ஒன்று வசையாக ஆளப்பட்டதா என்பதை அதன் சொற்பிறப்பை வைத்து முடிவு செய்யக்கூடாது, இன்றைய மக்கள் வழக்கில் அது எப்படிப் புரிந்துகொள்ளப்படுகிறது என்பதை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்றது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கிலும் 2011இல் இதே பார்வையே பின்பற்றப்பட்டது. அவமதிப்புச் சொல்லுக்கு அன்றாட வழக்கே அளவுகோல் என்றால், ‘தூண்டினார்’, ‘திமிர்’, ‘வாலாட்டினார்’ ஆகிய சொற்களையும் நீதிமன்றங்கள் அந்த அளவுகோலாலேயே அளக்க வேண்டும். சாட்சிக் கூண்டில் ஒருவர் ‘அவன் ரொம்பத் துள்ளினான்’ என்று சொல்லும்போது, அது நிகழ்ந்ததன் வருணனை அன்று. சாதிய நோக்கத்தின் வாக்குமூலம்.

தற்கொலைக்குத் தூண்டுதல் என்னும் குற்றத்தில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. முன்பு 306, இப்போது 108 ஆன அப்பிரிவில், குற்றம் சாட்டப்பட்டவரின் நேரடியான, திட்டமிட்ட செயலையும் தெளிவான உள்நோக்கத்தையும் நீதிமன்றங்கள் கேட்கின்றன. குற்றவியல் சட்டத்தில் கண்டிப்பான அளவுகோல் வேண்டும் என்பதில் நமக்கு மறுப்பில்லை. கல்லூரி விடுதிகளிலும் அலுவலகங்களிலும் சாதிய அவமதிப்பால் உயிரிழந்தோரின் குடும்பங்கள் இந்த அளவுகோலின் முன் கையறு நிலையில் நிற்கின்றன. ஆனால் அதே சமூகத்தவர் தாக்கப்படும்போது, அவர்கள் ‘தூண்டினர்’ என்று எழுதுவதற்கு எந்த அளவுகோலும் தேவைப்படுவதில்லை. நாம் கேட்பது எல்லாருக்கும் ஒரே கண்டிப்பு.

கொலை வழக்கில் ஆத்திரம்

‘கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல்’ கொலைக் குற்றத்தைக் கொலையாகாத மரணமாகக் குறைக்கும் விதிவிலக்கு. பழைய 300ஆம் பிரிவிலும் இன்றைய 101ஆம் பிரிவிலும் அது முதல் விதிவிலக்காக இருக்கிறது. கடற்படை அதிகாரி நானாவதி வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம் இதற்கான அளவுகோல்களை வகுத்தது. குற்றம் சாட்டப்பட்டவர் சார்ந்த அதே சமூகத் தட்டைச் சேர்ந்த நியாயமான மனிதர் அந்நிலையில் தன்னிலை இழப்பாரா என்று பார்க்க வேண்டும். ஆத்திரம் தணியும் அளவுக்கு நேரம் கடந்திருந்தால் விதிவிலக்கு இல்லை. அந்த வழக்கிலேயே சில மணி நேர இடைவெளி நானாவதிக்கு எதிராக நின்றது.

‘அதே சமூகத் தட்டு’ என்னும் தொடர் சாதிச் சமூகத்தில் ஆபத்தானது. அது ‘அதே சாதி’ என்று படிக்கப்பட்டால், சாதிவெறியரின் ஆத்திரத்தை அளக்க இன்னொரு சாதிவெறியரையே அளவுகோலாக நிறுத்தியதாகிவிடும். தீண்டாமையை ஒழித்த அரசமைப்பின் கீழ், நியாயமான மனிதர் என்பவர் 17ஆம் உறுப்பை ஏற்றுக்கொண்ட மனிதராகத்தான் இருக்க முடியும். சமத்துவத்தைக் கண்டு ஆத்திரம் கொள்பவர் நியாயமான மனிதர் என்னும் வரையறைக்குள் வரமாட்டார்.

சேர்வராயன் மலையடிவாரத்து ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் 2015 சூன் 23 அன்று திருச்செங்கோடு கோயிலில் உடன் படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தபோது கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே இரயில் பாதையில் அவர் உடல் கிடைத்தது. தற்கொலை என்று தோன்றச் செய்வதற்கான ஏற்பாடுகளும் நடந்திருந்தன. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பதின்மரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023 சூனில் சென்னை உயர்நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. கடத்தல், எழுதி வாங்கல், உடலை அப்புறப்படுத்தல் என நடந்த கொலையில் ‘திடீர்’ என்பதற்கு இடமேது? ஆயினும் ஆணவக்கொலைகள் பற்றிய பொதுப்பேச்சில் ‘பெற்றவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்’ என்னும் தொடர் இன்றும் ஒலிக்கிறது. நீதிமன்றம் ஏற்காத விதிவிலக்கைச் சமூகம் தேநீர்க் கடையிலேயே வழங்கிவிடுகிறது.

2025 சூலையில் திருநெல்வேலியில் பட்டியல் சமூகத்தைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து தனிச்சட்டக் கோரிக்கை வலுத்தது. அவ்வாண்டு அக்டோபரில், ஆணவக்கொலைத் தடுப்புச் சட்டத்திற்குப் பரிந்துரை வழங்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என முதலமைச்சர் அறிவித்தார். அமையவிருக்கும் எந்தச் சட்டத்திலும் ஓர் உட்பிரிவு இடம்பெற வேண்டும்: ஒருவர் தம் துணையைத் தேர்ந்தெடுத்ததோ, தமக்குள்ள சட்ட உரிமையைப் பயன்படுத்தியதோ எவ்வழக்கிலும் ஆத்திரமூட்டலாகக் கருதப்படாது. இது புதுமையான கோரிக்கை அன்று. இங்கிலாந்து 2009ஆம் ஆண்டின் சட்டத்தால் பழைய ஆத்திரமூட்டல் வாதத்தையே நீக்கி, அதற்கு மாற்றாகக் கொண்டுவந்த விதியில் துணையின் பாலியல் துரோகத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று வெளிப்படையாக எழுதியது. நியூசிலாந்தும் அதே ஆண்டில் இவ்வாதத்தை ஒழித்தது. பெண்களின் உயிரைக் காக்க அங்கு செய்ததைச் சாதியின் வாளிலிருந்து காக்க இங்கு செய்ய முடியும்.

சட்டபூர்வமான செயலும் பிறர் கோபமும்

நாம் செய்வது சட்டபூர்வமானது. ஆனால் அதனால் பிறர் வன்முறையில் இறங்குவர் என்று தெரியும். அப்போது யாரைத் தடுப்பது? 1882இல் இங்கிலாந்தின் பீட்டி எதிர் கில்பேங்க்ஸ் வழக்கு இக்கேள்விக்கு விடை கூறியது. சால்வேஷன் ஆர்மி என்னும் கிறித்தவ அமைப்பின் ஊர்வலத்தை எதிர்க்கும்பல் தாக்கி வந்தது; காவல்துறை ஊர்வலத்தாரையே பிடித்தது. சட்டபூர்வமான செயலைச் செய்பவரை, பிறர் சட்டவிரோதமாக நடந்துகொள்வர் என்பதற்காகத் தண்டிக்க இயலாது என்றது நீதிமன்றம்.

நம் நாட்டில் இதே நெறியை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில்தான். ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படம் சாதி அடிப்படையிலான இடஒதுக்கீட்டைக் குறைகூறியது. போராட்டம் வெடிக்கும் என்பதற்காகக் கருத்துரிமையை முடக்குவது மிரட்டலுக்கு அடிபணிவதாகும், சட்டம் ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை என்று 1989இல் தீர்ப்பு வந்தது. அப்படத்தின் கருத்து நமக்கு உடன்பாடானதன்று. ஆனால் அத்தீர்ப்பின் நெறி நமக்கும் உரியது. விழாக்காலத்தில் ‘பதற்றம்’ என்று காரணம் காட்டிக் கோயிலைப் பூட்டுவதும், அம்பேத்கர் சிலைக்குக் கூண்டு போடுவதும் தாக்குபவரின் கோபத்திற்கு அரசு முத்திரை குத்துவதே.

2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில், ஒரு கவிதைக்காகப் பதிவான முதல் தகவல் அறிக்கையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சொற்களின் விளைவை உறுதியும் துணிவும் உள்ள நியாயமான மனிதரை வைத்து அளக்க வேண்டும். எதைக் கேட்டாலும் அஞ்சுபவரையோ எல்லா விமர்சனத்திலும் பகை காண்பவரையோ வைத்து அன்று என்பது அத்தீர்ப்பின் சாரம். ‘எங்கள் சமூகத்தின் மனம் புண்பட்டது’ என்று மாணவர்கள் மீது அளிக்கப்படும் புகார்களை எதிர்கொள்ள இத்தீர்ப்பு கையில் இருக்க வேண்டும்.

கிளர்ச்சி செய் என்றார் அம்பேத்கர்

1927 மார்ச் 20 அன்று மகத் சவதார் குளத்தில் அம்பேத்கரும் தோழர்களும் நீர் அருந்தினர். அக்குளம் அனைவருக்கும் உரியது என நகராட்சி ஏற்கெனவே தீர்மானித்திருந்தது. ஆக, அவர்கள் செய்தது சட்டபூர்வமான செயல். அவர்கள் வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப்போகிறார்கள் என்று வதந்தி கிளப்பப்பட்டது. ஊர் திரும்பிக்கொண்டிருந்தோர் தாக்கப்பட்டனர். நீர் அருந்தியவர் தூண்டினாரா, வதந்தி பரப்பியவர் தூண்டினாரா? பத்தாண்டுகள் நடந்த வழக்கில் 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் குளத்தின் மீதான உரிமையை உறுதிசெய்தது.

1942 சூலையில் நாகபுரி மாநாட்டில் அம்பேத்கர் வழங்கிய மூன்று கட்டளைகளுள் நடுவிலுள்ள வினைச்சொல்லைத் தமிழில் நாம் பலவாறு பெயர்த்திருக்கிறோம்: போராடு, கலகம் செய், புரட்சி செய், கிளர்ச்சி செய். சுவரொட்டிக்குச் சுவரொட்டி அது மாறுகிறது; சில இடங்களில் வரிசையும் மாறிவிடுகிறது. இவற்றுள் ‘கிளர்ச்சி செய்’ என்பதை நான் விரும்புகிறேன். கிளர்தல் என்றால் மேலெழுதல். அதற்கு வெளியாள் தேவையில்லை. கற்பித்தலுக்கும் ஒன்றுசேர்தலுக்கும் நடுவே அதை வைத்துப் பார்த்தால், அது வெறும் ஆத்திரம் அன்று, அறிவால் எழுந்து அமைப்பாகத் திரளும் அசைவு என்பது புலப்படும். தூண்டுகோலின் பழைய பொருள் இங்கே மீள்கிறது. திரியில் எண்ணெய் இருந்தால்தான் தூண்டினால் சுடர் எழும். மக்களிடம் அநீதியின் நினைவு இருப்பதால்தான் துண்டறிக்கை பற்றிக்கொள்கிறது. குப்பனூர் உழவரையோ ஏற்காட்டு மலையாளி மக்களையோ ‘யாரோ தூண்டிவிட்டார்கள்’ என்பவர் அந்த எண்ணெயைக் காண மறுக்கிறார். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் நில உரிமைக் கோரிக்கையைத் தொடங்கிவைக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கே தந்திருக்கிறது. அதாவது அம்மக்களின் சொந்த முடிவையே சட்டம் தொடக்கப்புள்ளியாக ஏற்றிருக்கிறது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, புகாரின் வினைச்சொற்களை நாமே எழுத வேண்டும். ‘தகராறு ஏற்பட்டது’, ‘வாக்குவாதம் முற்றியது’ ஆகிய எழுவாயற்ற வாக்கியங்களை ஏற்கக்கூடாது. யார், யாரை, எவ்விடத்தில், எச்சொல்லால் இழிவுபடுத்தினார் என்பது புகாரில் அப்படியே இருக்க வேண்டும். பேசப்பட்ட வசைச்சொல்லை நாகரிகம் கருதி ‘தகாத வார்த்தை’ என்று மாற்றினால் 3(1)(s) பலவீனமடையும்.

இரண்டாவதாக, வன்கொடுமைப் புகாரைப் பதிவதற்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என 18A பிரிவு கூறுகிறது. விசாரணை அதிகாரி துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்பது 1995ஆம் ஆண்டு விதிகளின் 7ஆம் விதி. கடமையை வேண்டுமென்றே புறக்கணிக்கும் அலுவலருக்கு 4ஆம் பிரிவு தண்டனை விதிக்கிறது. அறிக்கையின் நகலை இலவசமாகப் பெறுவது புகார்தாரரின் உரிமை. நகலைப் படித்துப் பார்த்து, சொல் மாறியிருந்தால் அன்றே மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

மூன்றாவதாக, எதிர்ப் புகார் வரும். ‘அவர்களும் தூண்டினர்’ என்று 192ஆம் பிரிவு சேர்க்கப்படும். அப்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: எங்கள் செயல்களுள் சட்டவிரோதமானது எது? பிணை விசாரணையில் பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்க வேண்டும் என 15A பிரிவு சொல்கிறது. அந்த வாய்ப்பில் இக்கேள்வியை நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும்.

நான்காவதாக, செய்தி எழுதுவோரும் பகிர்வோரும் ‘ஆத்திரமடைந்த’ என்னும் பெயரெச்சத்தைக் கைவிட வேண்டும். தாக்கியவரின் உள்ளத்தை அறிந்தவர் போலத் தொடங்கும் அச்செய்தி, தாக்கப்பட்டவரின் உள்ளத்தில் என்ன இருந்தது என்று ஒரு வரியும் எழுதுவதில்லை. தலைமுறை தலைமுறையாகச் சீண்டப்பட்டும் சட்டத்தின் வாசலிலேயே நின்று நீதி கேட்கும் மக்களை விட ஆத்திரத்தை அடக்கியவர் இந்த நாட்டில் வேறு எவர்?